பச்சை கேட் வீட்டுக்கு மூன்று மார்க்

முருகன் துணை

லிந்துலை,
09.09.2008

அன்புள்ள தம்பி ஜெயகாந்தனுக்கு அக்கா ராசம்மா எழுதுவது. கொழும்பில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய்வர முருகனை வேண்டுகிறேன். இங்கே தேயிலைக் கொழுந்து நலம், பனி நலம், உன் மச்சானும் நலம். நான் மட்டும் நலமில்லை. அதற்கு நீதான் காரணம்.

பொங்கலுக்கு வந்தபோது எனக்கு ஒரு வலைப்பூ திறந்து தந்து, முழிக்கக் கூடாதென்று ஐந்து மாதிரிப் படிவமும் அச்சடித்துத் தந்தாயே, ஞாபகமிருக்கிறதா? பட்டியல் பதிவுக்கு ஒன்று, செய்முறைக்கு ஒன்று, பேட்டிக்கு ஒன்று என்று. நானும் ஒழுங்காகத்தான் எழுதி வந்தேன். "கந்தசஷ்டி விரதம் பிடிக்க ஏழு காரணங்கள்" எழுதினேன், நாலுதான் தெரிந்தது, மிச்சம் மூன்றுக்கும் "முருகன்" என்றே போட்டேன். கோயில் பூசாரியைப் பேட்டி எடுத்தேன், பத்துக் கேள்விக்கும் "ம்" என்றார், பத்து "ம்"மையும் எழுதினேன். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. ஏன் தெரியுமா? அடையாள அட்டைக்கு எழுதினப்ப ஒரே ஒரு கட்டம் காலியா இருந்ததுக்கு அப்பாவ மூணு தடவ கந்தோருக்கு அலையவிட்டாங்கல்ல, அந்தப் பயம்.

அந்தப் பயம்தான் இப்போது குடியைக் கெடுத்தது. போன ஞாயிறு ஹட்டனிலிருந்து நம்ம பிரேமினியைப் பெண் பார்க்க வந்தார்கள். நாலு வரனை வேண்டாமென்ற பிள்ளை இந்தப் பையனைப் பார்த்து, "சரிம்மா" என்றது. பிள்ளைக்கு இருபத்தொன்பது வயசு, அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் சாமி அறைக்குள் போய் அழுதேன். அந்தச் சந்தோஷத்தில்தான் உன்னுடைய "விமர்சனப் பதிவு" படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். நல்லவை என்று ஒரு கட்டம், ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த கட்டம் "குறைகள், குறைந்தது மூன்று". நீயே போட்டிருக்கிறாய் மூன்று என்று! நான் என்ன செய்வேன்? பையனின் தாயார் நாகலெட்சுமி அம்மா பேசத் தொடங்கினால் மூச்சு விடுவதில்லை. பையன் ஆறு உளுந்து வடை சாப்பிட்டுவிட்டு வயிறு சரியில்லை என்றான். அவன் தாய்மாமன் நான் தேவாரம் பாடும்போது குறட்டை விட்டார். மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று. யாருக்குப் பரிந்துரைப்பீர்கள்: பொறுமையுள்ள பெண்ணுக்கு. பதிவில் யார் பெயரும் எழுதவில்லை, அவ்வளவு புத்தி எனக்கு இருக்கிறது. ஆனால் "இடம்" என்று ஒரு கட்டம் இருந்ததே தம்பி! "ஹட்டன், கோயிலுக்கு மேல் ரோடு, பச்சை கேட் போட்ட வீடு" என்று நிரப்பிவிட்டேன்.

இன்று காலையில் பார்த்தால் கீழே ஒரு பின்னூட்டம். "அன்ட்டி, அந்தப் பச்ச கேட் எங்க வீட்டுதுதானே? அம்மாவும் வாசிச்சாங்க. நிரூபா." நிரூபா பையனின் தங்கச்சி. கையும் ஓடல காலும் ஓடல. அழிக்கப் போனேன், இங்கிலீசில் என்னமோ கேட்டது, பயத்தில் எதையோ அமுக்கினேன், இப்ப அதே பதிவு ரெண்டு தடவ இருக்கு. உனக்குப் போன் எடுத்தால் ஓஃப் பண்ணி வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமை பரிசம் போட வருவதாகச் சொன்னவர்கள் இனி வருவார்களா? பிரேமினி படிப்பிக்கப் போயிருக்கிறது, மூன்று மணிக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறக்கும். உன் மச்சான் வேறு, "என்ன புள்ள, வெளக்குக்கு எண்ணெய்க்குப் பதிலா தேத்தண்ணிய ஊத்துற?" என்கிறார். எல்லாத்துக்கும் படிவம் தந்த நீ, மன்னிப்புக் கேட்க ஒரு படிவம் தந்தாயா?

பொன்னையா அண்ணன் மரக்கறி லொறியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கைக்குக் கிடைத்த நிமிடமே, செருப்பைக்கூடக் கழற்றாமல் இரண்டையும் அழித்துவிடு. உன் கோபக்கார அக்காவுடைய ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கும்.

ராசம்மா

பி.கு: அழிக்காதே! லொறி ஹோர்ன் அடிக்கும்போதே நாகலெட்சுமி அம்மா போன் எடுத்தார். "சம்மந்தி, ஒங்க படிவத்த நிரூபா பிரிண்ட் எடுத்துத் தந்தா. அதே கட்டத்தையெல்லாம் ஒங்க வீட்டுக்கு நாங்களும் நெரப்பிட்டோம், வாசிக்கவா?" என்றார். நமக்கு நாலு மார்க் போட்டிருக்கிறார்கள், பிரேமினிக்கு மட்டும் அஞ்சு. வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறார்கள். நீ அந்த மூன்றை ஐந்தாக மாற்றிவிடு. ஆனால் அவர்கள் நமக்கு எழுதிய குறைகளில் முதலாவது, "வடையில் உப்பு இல்லை". ஆறு வடை உள்ளே போன பிறகா அது தெரிந்தது? இதை மறுத்து எழுத எந்தப் படிவம் என்று பொன்னையா அண்ணனிடமே பதில் கொடுத்தனுப்பு.