அரைமுகத்தாரும் உறுமி மேளமும்

திண்டுக்கல்லில் மீசையின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் ஓர் ஆளைப் பார்த்தால், அவர் எங்கள் தெருக்காரர் இல்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். எங்கள் தெருவுக்கு ஒரே சலூன். அதை நடத்துபவர் அரைமுகத்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கன்னத்தில் கத்தி பட்டதே தெரியாது, அப்படி ஒரு கை. ஆனால் எங்கேயாவது உறுமி கேட்டுவிட்டால் போச்சு! கத்தியைத் துடைத்து மடக்கி வைப்பார். "செத்த நேரம் இரு அப்பு, இந்தா வாரேன்" என்று தெருவில் இறங்கிவிடுவார். கண்ணை மூடி ஆட ஆரம்பித்தால் பெற்ற தாய் கூப்பிட்டாலும் காதில் விழாது. கல்யாணமா, சாவா என்ற கேள்வியே கிடையாது. ஒருமுறை முன்பின் தெரியாத பெரியவர் ஒருவரின் பாடைக்கு முன்னால் சுடுகாடு வரை ஆடிக்கொண்டே போய்விட்டார். "இவரு யாரு வழியில சொந்தம்?" என்று அந்த வீட்டு மருமகன்களுக்குள் சண்டையே வந்துவிட்டது.

எனக்கு முப்பத்துநாலு வயது. மூன்று இடம் தட்டிப்போன பிறகு, எரியோட்டில் பெண் பார்க்கப் போகிற காலை. ராகுகாலம் பிறப்பதற்குள் கிளம்பியாக வேண்டும். "ஏலே, இதுவும் தட்டிப்போச்சுனா இனிமே நான் பொண்ணு தேட மாட்டேன்" என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

இடது கன்னம் முடிந்தது. வலது கன்னத்தில் நுரை. அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் மாரியம்மன் கோயில் பால்குடம் உறுமி மேளத்தோடு திரும்புகிறது!

"அண்ணே, வேணாம்ணே! பொண்ணு பாக்கப் போறேண்ணே!"

"இந்தா வாரேன் அப்பு." கத்தி மடங்கிவிட்டது.

கழுத்துத் துண்டோடு பின்னாலேயே ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தால் என்னையும் சேர்த்துச் சுழற்றுகிறார். என் முகத்து நுரையை ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்த ஒரு அம்மா, "ஆத்தா, இவனுக்கு அருள் வந்துருச்சு!" என்று ஒரு குடம் மஞ்சத்தண்ணியைத் தலையில் கவிழ்த்துவிட்டார்.

வீட்டில் சட்டையை மாற்றத்தான் நேரம் இருந்தது. முகத்தைக் கவனிப்பதற்குள் அம்மா என்னைக் காரில் தள்ளிவிட்டாள்.

காபி கொண்டுவந்த பெண் என் வலது கன்னத்தையே பார்த்தாள். "மிச்சத்த எப்ப எடுப்பீங்க?" என்றாள். மானம் போனது போனதுதான் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். தட்டில் காபி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

"அவர நம்ம கல்யாணத்துக்குக் கூப்பிடுவீங்கள்ல?"

கூப்பிட்டோம். மாப்பிள்ளை அழைப்பில் ஆடிக்கொண்டே வந்தவர், எதிரில் வந்த இன்னொரு கல்யாண மேளத்தோடு போய்விட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

இப்போது பக்கத்துத் தெருவில் ஏசி சலூன் வந்து வாடிக்கையைப் பாதியாக்கிவிட்டது. "இனிமே நடுவுல எந்திரிக்க மாட்டேன்" என்று அரைமுகத்தார் சபதம் போட்டிருக்கிறார். போன வாரம் நான் நுரையோடு உட்கார்ந்திருந்தபோது தூரத்தில் உறுமி. மனுஷன் கேட்காதவர் போலக் கத்தியைத் தீட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டார். கால் கட்டைவிரல் மட்டும் தரையில் துடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியை வாங்கி நானே மடக்கி வைத்தேன்.

"போயிட்டு வாங்கண்ணே. நான் இருக்கேன்."