மேடில்லாத ஊருக்குப் பதினொரு கியர்

கார்த்திகை பிறப்பதற்குள் என் ரோடு பைக்கின் கியரை மாற்றிவிடுவது, இல்லாவிட்டால் அதைப் பாகூர் ஏரியில் தள்ளிவிட்டுச் சாமியாராகப் போய்விடுவது என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் மயிலம் மலைப்பாதை. அந்த நேரத்தில் நான் சைக்கிள் மேல் இல்லை. சைக்கிள் என் மேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் புதுச்சேரியிலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளில் கிளம்பும். என்னோடு எக்ஸ்ரே பிரிவில் வேலை செய்யும் அருள்தாஸ்தான் என்னை அதில் சேர்த்துவிட்டான். அவர்கள் கொக்குக் கூட்டம் மாதிரி முன்னால் போவார்கள். நான் கொக்குக்குத் தப்பிய நண்டு மாதிரி பின்னால் வருவேன். அன்று மயிலம் ஏற்றத்தில் பால்குடம் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோன ஒரு அம்மா என்னை முந்திக்கொண்டு போனார். போனதோடு விட்டாரா? திரும்பிப் பார்த்து, "மெதுவா வா சாமி, கோயில் சாத்த நேரமிருக்கு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் விழுந்துவிட்டேன்.

அருள்தாஸ் வந்து தூக்கினான். "உன் கால்ல ஒண்ணும் கோளாறு இல்ல தணிகை. கியர்லதான் கோளாறு. பின்சக்கரத்துல உனக்கு ஏழு. எனக்குப் பதினொண்ணு" என்றான்.

நான் உடனே நம்பினேன். கால் நான் வளர்த்தது. கியர் எவனோ செய்தது. பழி கியர் மேல் விழுவதுதான் நியாயம்.

ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருந்தது. முதலாவது, எங்கள் ஏம்பலத்தில் மேடு கிடையாது. நெல், கரும்பு, மறுபடியும் நெல். ஊரிலேயே உயரமான ஏற்றம் பள்ளிக்கூடத்து வாசலில் இருக்கும் வேகத்தடை. இரண்டாவது, அர்ச்சனா.

அர்ச்சனா என் மனைவி. மருந்தாளுநர் படிப்பு படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு, நான் தலைவலி என்று சொன்னால் எந்த மாத்திரை என்று எடுத்துக் கொடுப்பதோடு நின்றுவிட்டது. ஐப்பசி பிறந்ததும் தவளக்குப்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் லில்லி அக்கா அவளை வேலைக்குக் கூப்பிட்டார். மாதம் முடிவதற்குள் பதில் வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கடை திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர பஸ் இல்லை. வீட்டில் இருப்பது ஒரே ஸ்கூட்டர். அதில் நான் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"ஸ்கூட்டர நான் எடுத்துக்கட்டா மாமா?"

"அப்ப நான் எதுல போறது?"

"அதான் சைக்கிள் வச்சிருக்கியே."

"அது ஞாயித்துக்கெழமைக்கு."

"மத்த நாள்ல அதுக்கு இன்னா, ஓடாதா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது அர்ச்சனா."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசாததுதான் சங்கடம். ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்தது. வீட்டுக்குள் துணி காயவில்லை. சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் நடவு வயலையே பார்ப்பாள். சாம்பாரில் உப்பு சரியாகத்தான் இருந்தது. எல்லாமே சரியாக இருந்தது. பேச்சு மட்டும் இல்லை. சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பதற்கே எனக்குப் பயமாக இருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் கியர் பேச்சை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அர்ச்சனா, சைக்கிளுக்குப் புது கியர் போடலாம்னு இருக்கேன்."

"போட்டா இன்னா ஆவும்?"

சண்டைக்குத் தயாராக வந்தவனிடம் கேள்வி கேட்டால் அவன் உபதேசத்தில் இறங்கிவிடுகிறான். நானும் இறங்கினேன்.

"இன்னா ஆவுமா? மலையும் தரையும் ஒண்ணாயிடும். மிதிக்கிறதே காலுக்குத் தெரியாது."

"நம்ம ஊர்ல ஏது மாமா மலை?"

இந்தக் கேள்விக்கு அருள்தாஸ் எனக்கு முன்கூட்டியே பதில் சொல்லிக் கொடுத்திருந்தான். "எதிர்காத்து இருக்குல்ல? அது கண்ணுக்குத் தெரியாத மலை. அதையும் ஏறிடும்."

"மழையில?"

"மழையாவது ஒண்ணாவது."

"தூரம்னா?"

"தூரமே சுருங்கிடும். கடலூர் போய் டீ குடிச்சிட்டு வரலாம். வேர்க்கவே வேர்க்காது."

"முட்டி வலி?"

"இருக்கிற வலியும் போயிடும்."

கீரைக் காம்பை ஒடித்தபடி, "நல்ல சாமானாத்தான் இருக்கும் போல" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம். என் பேச்சுத் திறமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"ஆனா ஒண்ணு மாமா. சைக்கிள் வாங்குன வெலைக்கு மேல கியருக்கே ஆவும்ன்ற. பழைய கியர் நெசமாவே கஷ்டமான்னு தெரிய வேணாமா? ஒரு வாரம் பழைய கியர்லயே வேலைக்குப் போய்ப் பாரு. முடியலன்னா மாத்திக்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அற்புதமான ஏற்பாடு. ஒரே வாரம். கஷ்டப்பட வேண்டும், அவ்வளவுதான். கஷ்டப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

"ஸ்கூட்டர் சும்மா நின்னா பேட்டரி இறங்கிடுமே" என்றேன், பொறுப்பான குடும்பத் தலைவனாக.

"அத நான் அப்பப்ப ஓட்டி வைக்கறேன். நீ கவலப்படாத" என்றாள்.

திங்கட்கிழமை நடிப்பே தேவைப்படவில்லை. பாகூர் ஏரிக்கரையில் எதிர்க்காற்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளியது. பிறகு மழை. பிறகு கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழிவிடாமல் எனக்கு முன்னாலேயே ஊர்ந்தது. எங்கள் ஊரும் ஆஸ்பத்திரியும் புதுச்சேரிதான் என்றாலும், போகிற வழியில் கொஞ்ச தூரம் தமிழ்நாடு வந்து போகும். அந்தக் கொஞ்ச தூரத்தில் இருந்த பள்ளங்கள் இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்துத் தோண்டியவை மாதிரி இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றபோது, கால் உடைந்து எக்ஸ்ரே எடுக்க வந்த ஒருவர் எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்தார்.

சாயங்காலம் வீடு வந்து கூடத்தில் அப்படியே சாய்ந்தேன். அர்ச்சனா ஓடிவந்தாள்.

"அடடா, இன்னா மாமா, இப்படி ஆயிட்ட?"

"கியர்..." என்று முனகினேன்.

வெந்நீர் வைத்தாள். காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். சுக்குக் காப்பி போட்டாள். எங்கள் வீட்டில் பேச்சு திரும்பி வந்தது. அவள் கேலி செய்தாள். நான் முனகினேன். இதற்காகவே தினமும் சாகலாம் என்று தோன்றியது.

செவ்வாயும் அதே மாதிரிதான். ஆனால் புதன்கிழமை ஒரு துரோகம் நடந்தது. செய்தது என் கால்கள். இரண்டும் என்னைக் கேட்காமலே பழகிவிட்டன. காற்று அப்படியே இருந்தது, மழையும் அப்படியேதான், ஆனால் அதே ஏழு கியரில் சைக்கிள் ஒழுங்காக ஓடியது. வியாழக்கிழமை டிராக்டரை முந்திவிட்டேன். வெள்ளிக்கிழமை மிதித்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தேன். இப்படிப் போனால் கியர் எப்படிக் கிடைக்கும்?

அதனால் சாயங்காலம் ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் வாய்க்கால் மதகில் நிறுத்திக் களைப்பை ஏற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். முகத்தில், கழுத்தில், சட்டை முதுகில் தண்ணீரை வாரி அடித்துக்கொள்வேன். தலையைக் கலைத்துக்கொள்வேன். வாய்க்கால் சேறு கொஞ்சம் கணுக்காலுக்கு. பிறகு வீட்டு வாசல்வரை நாக்கைத் தொங்கவிட்டபடி மிதிப்பேன்.

"இன்னிக்கி நேத்திய விட மோசமா மாமா?"

"கேக்காத... உயிர் போயிட்டு வருது."

"பாவம்" என்பாள், தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்தபடி.

ஸ்கூட்டர் கொட்டகையில் அமைதியாக நிற்கும். துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். என்ன பொறுப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தீர்ப்பு நாள். வானம் மூடிக்கொண்டு, விளக்கு வைப்பதற்கு முன்பே வீடு இருட்டிவிட்டது. நான் ஈரமாக, சேறாக, பரிதாபமாகத் தரையில் உட்கார்ந்தேன்.

"அர்ச்சனா, என்னால முடியல. கியர் மாத்தியே ஆவணும்."

"மாத்திக்க மாமா."

"நெசமாவா?"

"சொன்ன சொல்லு மாற மாட்டேன். மாத்திக்க. மலையும் தரையும் ஒண்ணாயிடும்ல?"

"ஆமா."

"எதிர்காத்துலயும் ஏறும்ல?"

"ஆமா ஆமா."

"வேர்க்கவே வேர்க்காதுல்ல?"

"ஆமாடி."

"அப்பறம் இன்னா. பழைய கியர்லயே ஒரு வாரம் போய் வந்துட்ட. புது கியர் போட்டா தெனம் பறந்து போயிட்டு வரலாம். ஸ்கூட்டர நான் எடுத்துக்கறேன்."

நான் வேகமாக யோசித்தேன். வேகமாக யோசிப்பது என் உடம்புக்கு ஆகாது.

"யோசிச்சிப் பாத்தா..." என்றேன், "பழைய கியர் அவ்வளவு மோசமில்ல அர்ச்சனா. புதுசு வேணாம். காசு தண்டம்."

"வேணாமா? அப்ப கஷ்டமே இல்லன்ற?"

"ஒரு கஷ்டமும் இல்ல. கால் பழகிடுச்சி. முந்தாநேத்து டிராக்டரையே முந்துனேன்."

"நல்லதாப் போச்சி. அப்ப புது கியர் போடாமயே தெனம் போயிட்டு வா."

வாயைத் திறந்தேன். எந்தப் பக்கம் போவது என்று வாய்க்குத் தெரியவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"இல்ல, ரொம்பக் கஷ்டம். உயிர் போவுது. நான் வரும்போது நீயே பாத்தியே."

"பாத்தேன். வூட்டுல மட்டுமில்ல. நேத்து மதகுலயும் பாத்தேன்."

"மதகுலயா?"

"கண்ண மூடிக்கிட்டு மூஞ்சில தண்ணிய வாரி அடிச்சிக்கிட்டு இருந்த. ஆரன் அடிக்கலாம்னு வந்துச்சி. பாவம், மும்முரமா வேல செய்யற ஆள எதுக்குக் கெடுக்கறதுன்னு வந்துட்டேன்."

"நீ எங்கேர்ந்து வந்த?"

"தவளக்குப்பத்துலேர்ந்து. திங்கக்கெழமையே லில்லி அக்காகிட்ட சேந்துட்டேன். ஒரு வாரம் பாக்கறேன்னு சொன்னாங்க. இன்னிக்கி நிரந்தரமா வரச் சொல்லிட்டாங்க."

அலமாரியைத் திறந்து ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். தோளில் கொஞ்சம் பெரிது. அந்த இருட்டுக் கூடத்தில் அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டு காலரைச் சரிசெய்தாள். ஒரு மாதமாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்த அதே ஜன்னல். என்னையும் அறியாமல், "கை நீளத்தக் கொஞ்சம் மடிச்சித் தைக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் தோற்றுவிட்டது எனக்கே புரிந்தது.

ஆனாலும் ஆண்பிள்ளை என்று ஒன்று இருக்கிறதே. "ஸ்கூட்டர் என் பேர்ல இருக்கு" என்றேன்.

"சைக்கிளும் உன்னுதுதான் மாமா. அத யாரு கேட்டா?"

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தைல பாட்டிலை என் கையில் வைத்தாள். "இனிமே நீயே தேச்சிக்க. எனக்கு வர நேரமாவும்." மிகுந்த மரியாதையோடு சொன்னாள்: "கியர் மாத்தறதா வேணாமான்றத மட்டும் நீதான் முடிவு பண்ணணும் மாமா. அதுல நான் தலையிட மாட்டேன்."

மாற்றுவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போகும்போது எதிர்க்காற்றில், வரும்போது மழையில்.