பாட்டுக்கு ஆயத்தமாகிறவர்

பாட்டு கேட்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காதில் குமிழைச் செருகிக்கொண்டு, தமக்குத் தாமே தலையாட்டுவார்கள், தொல்லையில்லாத பிறவிகள். பாடுகிறவர்களையும் தெரியும், குளியலறைக்குக் கதவு இருக்கும்வரை அவர்களாலும் பெரிய ஆபத்தில்லை. நாம் பார்க்கப்போவது இரண்டிலும் சேராத ஓர் உயிரினம்: பாட்டு கேட்க ஆயத்தமாகிறவர். இவர் கேட்கமாட்டார். கேட்பதற்கு வேண்டிய பெட்டியை ஆராய்வார். ஆராய்ச்சி முடிந்ததும் கேட்பார். ஆராய்ச்சி முடியாது.

இந்த இனம் உலகமெங்கும் உண்டு என்றாலும், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பிறந்து வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களிடையே தனிச் செழிப்போடு வளர்கிறது. காரணம் இருக்கிறது. தான் கட்டிய வீட்டைத் தான் போனில் மட்டும் பார்க்க விதிக்கப்பட்ட மனிதன், இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்கு இன்னும் என்ன குறை என்று யோசிப்பதைத் தவிர வேறு என்ன செய்வான்? தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் போன் சொல்லும். கேட்டை யாராவது திறந்தால் போன் சொல்லும். பூனை திறந்தாலும் சொல்லும். இவையெல்லாம் ஒழுங்காகி, கவலைப்பட ஒன்றுமில்லை என்ற பயங்கரமான நிலைமை வரும்போது, மிச்சமிருப்பது பாட்டு ஒன்றுதான்.

நம் நேசையனையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடு பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில்; வேலை மஸ்கட்டில் ஒரு குளிர்சாதனக் கிடங்கில். வெள்ளிக்கிழமைதோறும் அறைத்தோழர்கள் துணி துவைக்கும்போது இவர் பாட்டு சேர்த்தார். பழைய ஒலிநாடா, குறுந்தகடு, இணையம் என்று கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கி, ஒரே பாட்டை நாலைந்து தரத்தில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பாடியவர், இசையமைத்தவர், வெளிவந்த வருடம் எல்லாம் பிழையில்லாமல் எழுதி, அத்தனையையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் அடைத்து, அந்த ஹார்டு டிஸ்க்குக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இன்னொன்றில் அடைத்து, இரண்டையும் ஒரே விமானத்தில் கொண்டுபோனால் ஆபத்தாயிற்றே என்று மூன்றாவதை ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் கொடுத்தனுப்பினார். பாட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. யாரும் கேட்டதில்லை.

ஏனென்றால் கேட்க வேண்டியது முறையாக அல்லவா? அலமாரியில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் பாட்டை வீட்டு வைஃபை வழியாக ஒரு பெட்டி இழுத்து, ஹாலில் ஒரு பாட்டு, அடுக்களையில் ஒரு பாட்டு என்று, போனைத் தொட்டதும் பாட வேண்டும். அப்படிப்பட்ட பெட்டிகள் நூறு உண்டு. நூறிலும் ஒவ்வொரு குறை உண்டு. ஒன்று நன்றாகப் பாடும், ஆனால் அதன் ஆப் மோசம். இன்னொன்றின் ஆப் நல்லது, ஆனால் உயர்ந்த தரத்தில் இருக்கும் பாட்டை வாங்காது. இரண்டும் நன்றாக அமைந்த மூன்றாவதைப் பற்றி நார்வேயில் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருக்கிறார். நார்வேக்காரர் சும்மா போடுவாரா?

விடுமுறைக்கு வந்ததும் நேசையன் செய்கிற முதல் காரியம் ஹாலின் நடுவில் நின்று ஓங்கிக் கை தட்டுவது. எதிரொலி எப்படி என்று பார்க்கிறாராம். ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டது என்று முதல் வருடம் அடுத்த வீட்டுக்காரர் வேதப்புத்தகத்தோடு வந்துவிட்டார். பிறர் வீட்டுக்குப் போனாலும் தட்டுவார். சாவு விழுந்த ஒரு துஷ்டி வீட்டில் தட்டப் போனவரை மனைவி பிரிஜா கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள்.

இதில் ஒரு விசேஷம் கவனியுங்கள். அடுத்தவருக்குப் பெட்டி தேர்ந்தெடுப்பதில் இவருக்கு ஒரு நொடித் தயக்கமும் கிடையாது. அந்த அடுத்த வீட்டுக்காரர், டைட்டஸ், ஒரு நாள் மதில்மேல் கையூன்றிக் கேட்டார். நேசையன் கண்ணை மூடி ஒரு பெயர் சொன்னார். டைட்டஸ் வாங்கினார். அன்றிலிருந்து சாயங்காலமானால் டைட்டஸ் வீட்டில் பாட்டு. மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று நேசையன் காது கொடுப்பார்.

"கொள்ளாம். ஆனா அடித்தொண்ட கொஞ்சம் கூடுதல்."

"அப்பம் அதையே நாமளும் வாங்கலாமில்லியா?" என்பாள் பிரிஜா.

"பொறுட்டி. அதுக்க அடுத்த மாடல் வருது."

பிரிஜாவுக்கு ஒரே ஒரு பாட்டு வேண்டும். பழைய சினிமாப் பாட்டு; மழையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே குடைக்காகச் சண்டை போடுகிற பாட்டு. கல்யாணமான புதிதில் கேட்டாள். அது நேசையனிடம் மூன்று தரத்தில் இருக்கிறது.

"எனக்க பாட்ட எப்பம் போடப்போறிய?"

"அத போன்ல கேட்டா பாட்டுக்கு மரியாத இல்ல. செட்டு வரட்டு."

"செட்டு வரும்பம் எனக்கு செவி கேக்கணுமே!"

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் மகள் பெபிஷாவுக்குக் கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்தது. நிச்சயதார்த்தம் பெண் வீட்டில், ஐப்பசியில். நேசையன் மஸ்கட்டிலிருந்தே அறிவித்துவிட்டார்: மாப்பிள்ளை வீட்டார் படி ஏறும்போது வயலின், பலகாரத்தின்போது புல்லாங்குழல், சாப்பாட்டுக்குப் பழைய பாட்டு. எல்லா அறையிலும்; எல்லாம் தன் சேகரிப்பிலிருந்து. சொந்தக்காரர்கள் அனைவருக்கும் சொல்லியாயிற்று. பெட்டி மட்டும் வாங்கவில்லை.

லீவில் வந்தார். கை தட்டினார். நாள் நெருங்கியது. கடைசியில் பிரிஜா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இஞ்ச பாருங்க. நிச்சயத்தன்னைக்கு இந்த வீட்டுல பாட்டு கேக்கணும். இல்லெங்கி சுயம்பண்ணன்கிட்ட சொல்லி பிலாவுல குழாய் கெட்டிருவேன்."

சுயம்புராஜ் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிறவர். அவருடைய குழாய் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டினால் பாட்டு குளச்சல் வரைக்கும் போகும். சொல் மட்டும் ஒன்றும் புரியாது. நேசையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. நார்வேக்காரரோடு கருத்து வேறுபடுகிற அளவுக்கு வளர்ந்த மனிதரின் வாசலில், வரப்போகும் சம்பந்தியின் கண் முன்னால், பலாமரத்தில் குழாய்! ஊரில் அவரிடம் யோசனை கேட்டுப் பெட்டி வாங்கிய அத்தனை பேரும் அன்றைக்கு வருவார்களே!

"குழாயா? எனக்க வீட்டுலயா?"

"பின்ன, டைட்டஸ் வீட்டுலயா? அங்கதான் பெட்டி பாடுதே."

நேசையன் நூறையும் கழித்துக் கழித்து இரண்டு பெட்டிகளுக்கு வந்து நின்றார். ஒன்றை வாங்கிவிடலாம் என்று விரலைப் போனுக்குக் கொண்டுபோன சமயத்தில் மூன்றாவது ஒன்று கண்ணில் பட்டது. பெபிஷா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒங்க பெட்டி வாறதுக்குள்ள எனக்க கல்யாணமும் கழிஞ்சிரும்."

சொல்லிவிட்டுப் போனவள், நிச்சயத்தன்று காலையில் மதிலோரமாக ஒரு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "டைட்டஸ் மாமா தந்தாவ. 'ஒங்கப்பன் சொன்ன பெட்டிதானே மக்கா, ஒரு நாளாவது ஒங்கப்பன் கேக்கட்டு'ன்னாவ."

பெட்டி வந்துவிட்டது, இனி என்ன என்கிறீர்களா? உங்களுக்கு இந்த இனத்தைத் தெரியவில்லை. சுவரிலிருந்து எத்தனை அடியில் வைப்பது? ஸ்டூல்மேலா, மேசைமேலா? பெட்டி யாரைப் பார்த்து இருக்க வேண்டும், மாப்பிள்ளையையா, மாப்பிள்ளையின் தகப்பனாரையா? பந்தல்காரர் நாற்காலி போடப் போட நேசையன் அளவுநாடாவோடு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேட்டி மாற்றியதே வேன் சத்தம் கேட்ட பிறகுதான்.

மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள். முன்னால் மாப்பிள்ளையின் தகப்பனார் ரசலையன். அவரும் வளைகுடாக்காரர்தான், துபாயில் இருந்து திரும்பியவர். உள்ளே வந்தவர் பெண்ணைத் தேடவில்லை, சுவரில் வேதவசனத்தைப் பார்க்கவில்லை. மேற்கூரையை ஒரு பார்வை பார்த்து, யாரும் கவனிக்காதபடி, மெதுவாக ஒரு தட்டு கை தட்டினார்.

நேசையனின் காதுக்கு அது தப்பவில்லை. இவர் சாதாரண சம்பந்தி இல்லை. பரீட்சை இது! போனை எடுத்து வயலினைத் தொடப் போனார்.

படீரென்று ஓர் இடி.

ஐப்பசி இடியைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். முதல் இடி விழுந்தால் பிளக்கை உருவுவது இங்கே மூச்சுவிடுவது மாதிரி. வைஃபை பெட்டி, டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் உருவப்படும். உருவாதவர் பிறகு கரிந்த பெட்டியோடு கடைக்குப் போவார். இத்தனை நாள் கனவு கண்ட அதே நேசையன்தான், போனைப் போட்டுவிட்டு, "பிளக்க ஊருங்க! பெட்டி டைட்டஸுக்கது!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து உருவினார். உருவி முடிக்கவும் கரண்டும் போயிற்று.

அமைதி. மின்விசிறி நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். முந்திரிக்கொத்துப் பலகாரத்தைக் கடிக்கிற சத்தம்கூட எல்லாருக்கும் கேட்டதால் கடித்தவர் நிறுத்திவிட்டார். ஒரு கிழவர் பெருமூச்சு விட்டார். நிச்சயதார்த்த வீடு துஷ்டி வீடு மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை பக்கத்து ஆளிடம் ஏதோ முணுமுணுத்தாள். அபசகுனம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நேசையன் முடிவு கட்டி, வேர்த்து, சுவரோடு சுவராக நின்றார்.

அப்போது அடுக்களை வாசலில் பிரிஜா தெரிந்தாள். கையில் பால் காய்ச்சுகிற எவர்சில்வர் சருவம். அதை ஹால் நடுவில் டைட்டஸின் பெட்டிமேலேயே வைத்தாள். தன் போனைத் தொட்டாள். சருவத்துக்குள் இறக்கினாள்.

மழைப் பாட்டு. குடைக்குச் சண்டை போடுகிற ஆணும் பெண்ணும் சருவத்துக்குள்ளிருந்து எழுந்து வந்து ஹால் முழுக்க நின்றார்கள். வெளியே மழையும் சேர்ந்து பிடித்தது. பெருமூச்சு விட்ட கிழவர் தொடையில் தாளம் போட்டார். அத்தை வாய்விட்டுப் பாடவே தொடங்கிவிட்டாள். மாப்பிள்ளை பெபிஷா இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தான். முந்திரிக்கொத்து மறுபடி கடிபட்டது.

"இது எனக்க சேகரிப்பாச்சே. எப்பம் எடுத்த?" என்றார் நேசையன் மெல்ல.

"மூணுலயும் மோசமானத பெபிஷா எடுத்துத் தந்தா. நீங்க மஸ்கட்டு போனா, பாத்திரம் கழுவும்பம் எல்லாம் இதுதான் எனக்கு" என்றாள் பிரிஜா. "சும்ம நின்னு கேளுங்க."

கேட்டார். தொடக்கத்திலிருந்து முடிவு வரை, ஒரு பாட்டை முழுசாக. கை தட்டவில்லை, அளக்கவில்லை, தரம் என்ன என்று கேட்கவில்லை. அந்தப் பெண் கடைசியில் குடையைத் தூக்கி எறிகிறாள் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெபம் நடந்தது, தேதி குறித்தார்கள், எல்லாம் சுபம். கதையை இங்கே நிறுத்தியிருப்பேன், ரசலையன் மட்டும் நேசையனின் தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால்.

"சம்பந்தி, அந்தச் சருவம் கொள்ளாம். ஆனா மேல கொஞ்சம் தகர மணம் அடிக்குது, கேட்டியளா?"

நேசையன் நிமிர்ந்தார். கண்ணில் பழைய ஒளி. "நானும் அதத்தான் நெனச்சேன். பித்தள உருளின்னா?"

"பித்தள மணி மாதிரி இழுக்குமே. செம்புன்னா ஒருவேள..."

பந்தியில் இலை போட்டு இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. சம்பந்திகள் அடுக்களையில். பாத்திரங்கள் தரையில் வரிசையாக. ஒருவர் போனை இறக்க, ஒருவர் கண்ணை மூடிக் கேட்க, தண்ணீர் குடிக்கச் செம்பு கிடைக்காமல் பந்தியில் சலசலப்பு. பிரிஜா எட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னாள்: "மக்கா, கல்யாணத்துக்குக் குழாய் கெட்டணும்னு சுயம்பண்ணன்கிட்ட இப்பமே சொல்லிரு."

நல்லவேளை, நாம் இந்த இனம் இல்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்கிறேன். நேசையன் டைட்டஸுக்குச் சொன்ன அந்தப் பெட்டி எது, பெயரை ஏன் நான் சொல்லவில்லை என்று நடுவில் ஒரு தடவை உங்கள் மனம் அலையவில்லையா? போகட்டும். மண்சட்டியில் வைத்தால் எப்படிக் கேட்கும் என்று, இதோ, இந்த நிமிடம் யோசிக்கிறீர்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?