ஒரு ‘ட்’ விழுந்த பாட்டு

புது முறையில் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு விரலும் நீளம். வாயால் கெடுக்க முடியாததை வாட்ஸ்அப்பில் கெடுத்துவிடுவேன்.

அந்தக் கோடை விடுமுறையில் பட்டினச்சேரிப் பிள்ளைகளுக்கு வயலின் வகுப்பு எடுத்தேன். முதலில் பாடணும், உடம்பை அசைத்து ஆடணும், மனசுக்குள் ஒரு காட்சியைப் பார்க்கணும், அப்புறம்தான் வில்லைத் தொடணும். இதுதான் என் முறை. நான் விழிதியூர்க்காரி, வயல் வீட்டுப் பெண். அதனால் ஆரம்பத்தில், நாற்றைப் பிடிக்கிற மாதிரி வில்லைப் பிடிக்கச் சொன்னேன். பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். வலை இழுக்கிற மாதிரி இழுக்கச் சொன்னதும் தோளெல்லாம் இளகி வில் நேராகப் போனது. (அப்பாடா, பொழச்சேன்.)

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன் ஏலக்கூடம் சும்மா கிடந்தது. வகுப்பு அங்கேதான். தடை முடிந்தால் இடம் மீனுக்குப் போய்விடும். சமுதாயக்கூடத்தைக் கேட்டதற்கு ஊர்த் தலைவர், “பெத்தவங்க வந்து பாக்கட்டும். கூட்டத்தைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றுவிட்டார். கூட்டம் வராவிட்டால் வகுப்புக்கு மூடுவிழா. எனக்கு, அப்பா விடாமல் சொல்லிக்கொண்டிருந்த பி.எட்.

பெற்றோர் குரூப்பில் ஒரு அழைப்பைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் ஏலக்கூடம் நிரம்பி வழிந்தது. பிள்ளையே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் கூடை. (பூ கொண்டாந்திருக்காங்க போல.) ஒருவர் ஐஸ் பெட்டியோடு இறங்கினார். (பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம். என்ன நல்ல மனசு!) வாசலில் ஒரு மினிவேன் வேறு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிள்ளைகள் பாடிக்கொண்டே இல்லாத வலையை இழுத்தார்கள். முன்வரிசையில் இருந்த செல்வி அக்கா மீன் விற்பவர், என் மாணவி ஒருத்தியின் அம்மா. “டீச்சர், என்ன மீனுங்க?” என்று கேட்டார். ஆகா, பெற்றவர்களும் கற்பனைக்குள் வந்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

“வஞ்சிரம்க்கா!” என்றேன்.

கூட்டம் எழுந்து நின்றது. விலை என்ன என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிள்ளைகள் இழுக்கிற மீனுக்குக் காசா, எல்லாருக்கும் சும்மாதான் என்று கையை விரித்தேன். அவ்வளவுதான். கூடைகள் மேடையை நோக்கி வந்தன. பிள்ளைகள் வயலினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

தலைவர் ஒரு அதட்டல் போட்டு எல்லாரையும் உட்காரவைத்தார். பிறகு தன் போனை எடுத்து என் அழைப்பை உரக்கப் படித்தார்: “நாளைக்குச் சாயங்காலம் ஏலக்கூடத்துல பிள்ளைங்க வலை இழுப்பாங்க. நல்ல பாடு இருக்கு. எல்லாரும் வாங்க.”

பாட்டு என்று தட்டியதில் ஒரு ‘ட்’ விழுந்துபோயிருந்தது. எங்கள் ஊரில் பாடு என்றால் கஷ்டம். பட்டினச்சேரியில் பாடு என்றால் வலையில் விழுகிற மீன். அதுவும் தடைக்காலத்தில் நல்ல பாடு! செல்வி அக்கா அதை மீன் வியாபாரிகள் குரூப்புக்கும் அனுப்பிவைத்திருந்தார். என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. பி.எட். கண்ணுக்கு நேரே வந்து நின்றது.

செல்வி அக்காதான் முதலில் சிரித்தார். காலிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, “வந்தது வந்தாச்சு, பிள்ளைங்க வாசிக்கட்டும்” என்றார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். கடைசிவரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

தலைவர் கிளம்பும்போது சொன்னார்: “கூட்டத்தைப் பாத்துட்டேன். சமுதாயக்கூடம் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. அடுத்த ஊர்க்கூட்டத்துக்கும் நீங்களே மெசேஜ் போட்டுருங்க.”

வகுப்பு இன்றும் நடக்கிறது. என் கல்யாணப் பத்திரிகையை அப்பா அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு ‘ட்’டையும் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பட்டினச்சேரியே திரண்டு வந்தது. ஒருத்தர் விடாமல் கையில் காலிக் கூடை. என்ன இது என்று மாப்பிள்ளை திகைத்துப்போய்க் கேட்டார்.

“ஒண்ணுமில்ல மாப்ள” என்றார் அப்பா. “இவ உங்களுக்கும் ஏதாவது மெசேஜ் போட்டிருந்தான்னா, இன்னொரு தடவை நல்லாப் படிச்சுப் பாத்துக்குங்க.”