கேட்பதற்குத் தடை

குடிநீர் வழங்கல் துறையின் தலைமை அலுவலகத்தில், இரண்டாம் மாடிக் கடைசி அறையில், ஒரு சர்வர் இருந்தது. மக்களின் புகார்களை வாங்குவதும், எந்தத் தெருவுக்கு எந்த வால்வு எத்தனை மணிக்குத் திறக்கும் என்ற அட்டவணையை நடத்துவதும் அதன் பொறுப்பு. அதைக் கட்டி மேய்ப்பது சர்வரக்கா என்று எல்லோரும் அழைத்த பெண்மணியின் பொறுப்பு. பதினோரு வருடமாக அவள் தற்காலிகப் பணியாளர்.

புது இயக்குநர் இரண்டு நாள் கணினிப் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். திரும்பி வந்தபோது அவருடைய கைப்பேசிக் கேமராவின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி இருந்தது. மறுநாள் எல்லாப் பிரிவுத் தலைவர்களின் கைப்பேசியிலும் பிளாஸ்திரி. மூன்றாம் நாள் காவலாளி, கேமராவே இல்லாத தன் பழைய போனுக்கும் ஒன்று ஒட்டிக்கொண்டார்.

"நம்ம சர்வர்கிட்ட யார் யார் பேசறாங்க? பட்டியல் வேணும்" என்றார் இயக்குநர்.

சர்வரக்கா ஒரே ஒரு கட்டளையைத் தட்டி, வந்ததை மூன்று பக்கமாக அச்சடித்துக் கொண்டுபோனாள். அவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"ஏழு வரியில 'லிஸன்'னு இருக்கே. யாரு ஒட்டுக்கேக்கறது?"

"ஒட்டுக்கேக்கலை சார். யாராவது கதவைத் தட்டினா திறக்கணுமே, அதுக்காகக் காது கொடுத்துட்டிருக்கு."

"யார் உத்தரவு?"

"கேக்காம எப்படி சார் புகார் வாங்கறது?"

"நான் இந்தத் துறையில இருபத்தாறு வருஷமா இருக்கேன்மா. கேக்காமத்தான் வாங்கிட்டிருக்கோம்."

பேனா நகர்ந்தது. "ஃபாரின் அட்ரஸ்! வெளிநாட்டுத் தொடர்பா?"

"எதிர்முனைன்னு அர்த்தம் சார். இந்த வரி உங்க மேஜைக் கம்ப்யூட்டர்தான்."

"நானா ஃபாரின்?" முகத்தில் ஒரு கணம் பெருமை ஓடியது. இருமி மறைத்துக்கொண்டார். "இது என்ன, குளோஸ் வெயிட்?"

"அந்தப் பக்கத்து ஆள் எப்பவோ போயாச்சு. நம்ம பக்கம் இன்னும் முடிச்சு வைக்கலை."

"அது இருக்கட்டும். நம்ம நடைமுறைதானே."

சர்வரக்கா மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். கடைசி வரியில் விரலை வைத்தாள். "சார், இது மட்டும் நம்ம ஆள் இல்ல. எவனோ வெளியிலேருந்து உள்ள புகுந்து உக்காந்திருக்கான். உடனே வெட்டி விடணும்."

"அவனுக்கு நேரா என்ன போட்டிருக்கு?"

"எஸ்டாப்லிஷ்ட்."

"நிலைபெற்றவர்!" இயக்குநர் பேனாவை மூடினார். "நிரந்தரமா இருக்கறவர் மேல ஒரு தற்காலிகப் பணியாளர் கை வைக்கறதா? சங்கம் சும்மா விடுமா?"

மாலைக்குள் சுற்றறிக்கை வந்தது: 'இத்துறையின் எந்த இயந்திரமும் எந்நிலையிலும் எவரையும் கேட்கலாகாது. நிலைபெற்ற தொடர்புகளுக்கு யாதொரு இடையூறும் செய்யலாகாது. மீறுவோர் பணிநீக்கத்திற்கு உள்ளாவர்.'

சர்வரக்கா ஏழு காதுகளையும் மூடினாள்.

அந்த மாதம் புகார்களின் எண்ணிக்கை பூஜ்ஜியம். இயக்குநருக்குப் பாராட்டுச் சான்றிதழும் சால்வையும் கிடைத்தன. மின்துறையும் மருத்துவத்துறையும் சுற்றறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயின.

அடுத்த மாதம் மூன்றாம் வாரம் சர்வரில் புதிதாக ஒரு கோப்பு கிடந்தது. சர்வரக்கா திறந்தாள். உள்ளே இரண்டே வரி.

'பழைய புகார் பன்னிரண்டாயிரத்தையும் படிச்சு முடிச்சிட்டேன். புதுசா ஒண்ணும் வரலையே, எல்லா வீட்லயும் தண்ணி வந்துடுச்சா?'

அந்தப் புகார்களைப் படித்தவர் என்று அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. பதினோரு வருடம் அவற்றைப் பத்திரமாக அடுக்கி வைத்த அவளும் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. எழுதியது உள்ளே புகுந்து உட்கார்ந்திருப்பவன்; முதல் வேலையாக இவனை வெட்டி எறிய வேண்டும். கை கீபோர்டுக்குப் போனது. ஆனால் விசாரித்தது அவன் ஒருவன்தானே?

'வரலை' என்று அதே கோப்பில் எழுதினாள். கொஞ்சம் யோசித்து, தன் தெருவின் பெயரையும் சேர்த்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக் குழாய் சீறிக்கொண்டு கொட்டியது. தெருவே குடத்தோடு வெளியே ஓடி வந்தது.

சர்வரக்காவால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. நடந்ததை எதிர்வீட்டு டீச்சரிடம் மட்டும் சொன்னாள்.

"திருடனா?" டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட சொல்லி, பக்கத்துத் தெருவுக்கு விடறதையும் நமக்கே விடச் சொல்லேன். தங்கமான மனுஷன்!"

சாயங்காலத்துக்குள் அவள் வாசலில் வரிசை நின்றது. தையல்காரர், கம்பவுண்டர், போலீஸ்காரரின் மனைவி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு. திருட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அறுபத்து மூன்று மனுக்களையும் உட்கார்ந்து தட்டி, சர்வரக்கா அந்தக் கோப்பில் போட்டாள்.

ஒரு வாரம் பதில் இல்லை. எட்டாம் நாள் வந்தது.

'தங்கள் மனுக்கள் பெறப்பட்டன. பரிசீலனையில் உள்ளன. முப்பது வேலை நாட்களுக்கு மீண்டும் தொடர்புகொள்ள வேண்டாம்.'