சாட்சிகளை நம்பாத திமாயுகா

ஊரார் மனம் எப்படியெல்லாம் ஏமாறும் என்று ஆராய்ந்து ஆராய்ந்து, தம் மனமும் அதே ஊரில்தான் குடியிருக்கிறது என்பதை மறந்துபோன மேதைகள் ஓர் இனம். பிலிப்பைன்ஸில், எங்கள் கேசோன் சிட்டியில் இவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சட்டக் கல்லூரியில் என் அடுத்த அறைக்காரர் எவரிஸ்டோ திமாயுகாவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் உளவியலும் சேர்ந்த துறை அவருடையது. கண்ணால் கண்ட சாட்சி எப்படித் தடுமாறும், ஞாபகம் எப்படிக் கதை கட்டும் என்று தலையணை தலையணையாகப் புத்தகம் எழுதியிருக்கிறார். கான்டீனில் வாயைத் திறந்து "நேத்து நல்ல மழை" என்று சொல்லிவிட முடியுமா?

"மழை பெஞ்சுதா, பெஞ்ச மாதிரி ஞாபகமா? ரெண்டும் வேற வேற!"

அவர் விளக்கி முடிப்பதற்குள் நம் தட்டில் நூடுல்ஸ் ஆறி, விறைத்து, உயிரை விட்டிருக்கும்.

ஒரு மாலை, ஜீப்னி வண்டியிலிருந்து அவர் இறங்கும்போது எவனோ கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓடினான். காவல் நிலையத்துக்கு அவர் மனைவி மிலாக்ரோஸும் நானும் ஓடினோம். அங்கே, சந்தேகத்தில் பிடித்துவந்த ஓர் ஆளை நிறுத்தியிருந்தார்கள்.

"இவனேதான். இந்த மூஞ்சியை எங்க பார்த்தாலும் சொல்லுவேன்" என்றார் திமாயுகா.

"சொல்லத்தான் செய்வீங்க" என்றார் மிலாக்ரோஸ். "நம்ம தெருமுனையில வாழைப்பழம் பொரிக்கிற டெல்ஃபின் அவரு. தினம் வாங்கித் தின்னுற ஆளுக்கு மூஞ்சி தெரியாம இருக்குமா? பறிச்சவன் மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"மிலா, சாதாரண ஜனங்க ஏமாறலாம். நான் இதுக்குன்னே படிச்சவன்."

"அட்டர்னி ஐயா, என் சம்சாரத்துக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு" என்று டெல்ஃபின் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் வீட்டுல இல்லேன்னா அவளுக்கு யாருமில்ல."

படித்தவர் வாக்குக்கு மறுவாக்கு உண்டா? டெல்ஃபினை உள்ளே தள்ளினார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே மகள் பிறந்தாள். அதற்குப் பிறகுதான் பக்கத்து ரொட்டிக் கடையின் கேமராப் படம் வந்து சேர்ந்தது. பையோடு ஓடியவன் வேறு எவனோ; டெல்ஃபினைவிட ஒரு முழம் குட்டை.

டெல்ஃபினை விட்டுவிட்டார்கள். அவர் மனைவி இருந்த ஆஸ்பத்திரிக்குப் பெரிய கேக்கோடு போனோம். டெல்ஃபின் கத்தவில்லை, ஏசவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "பொறந்ததும் அழுதாளா? கண்ணைத் தொறந்தாளா? முதல்ல யாரு தூக்குனா?" அவள் சொல்லச் சொல்ல, மறுபடியும் கேட்டார். திமாயுகா கேக்கை ஓரமாக வைத்துவிட்டு, "என்னை மன்னிச்சிடுப்பா" என்றார். நிஜமாகவே அழுதார். டெல்ஃபின் தலையை மட்டும் ஆட்டினார், கேக்கைத் தொடவில்லை.

இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? சில மாதம் கழித்து, ஒரு விருந்தில் இந்தக் கதையை அவரே எடுத்தார்.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். அவசரப்படாதீங்கன்னு போலீஸ்கிட்ட எத்தனை தடவை சொன்னேன், தெரியுமா? இவரும் பக்கத்துலதான் இருந்தார்" என்று என்னைக் காட்டினார்.

மிலாக்ரோஸ் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நான் திமாயுகாவின் முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்கிறவன் முகமே இல்லை அது. குழந்தை முகம்!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் வீட்டில், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று ஒருவர் மேசையைத் தட்டிச் சத்தியம் செய்தாரே, அவர் யாரென்று வீட்டிலிருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உங்களையே கேட்டுக்கொள்ளாதீர்கள்.