பிஷப்பின் சனிக்கிழமை

ஃபாதர் கிறகரி வாசிப்பதை நிறுத்திவிட்டு ஏதோ கேட்டார். நீக்கிலாப்பிள்ளைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "வீ, ஃபாதர்" என்று ஆமாம் போட்டார். கிழவருக்கு அது போதும். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்த நீக்கிலாப்பிள்ளை, மொன்றியலில் அந்தக் குருமார் இல்லத்தில் தரை துடைப்பவர். தினமும் மூன்று மணிக்கு ஃபாதர் அவரை எதிரே இருத்தி, தான் எழுதும் புத்தகத்தை வாசிப்பார். ஆயிரத்திருநூறு வருசத்துக்கு முந்திய பிராங்கு நாட்டு, அதாவது பழைய பிரான்சின், பிஷப் ஒருவரின் வாழ்க்கையாம். செபத்தைவிட வேட்டைநாயும் வைனும் பெரிதென்று வாழ்ந்த மனுசனாம். இதெல்லாம் குசினியில் சமைக்கும் திருகோணமலைப் பிலோமினம்மா சொன்னது.

மனைவி பிள்ளைகள் ஊரில். கடிதம் வந்து நாலு மாதம். கோட்-டெ-நெய்ஜ் பக்கத்து வாடகை அறையில் ஏனென்று கேட்க நாதியில்லை. பிலோமினம்மாவுக்கும் அடுப்படி வேலை ஓயாது; ஒரு மனிதர் ஆறுதலாக அவர் முகத்தைப் பார்த்துக் கதைப்பது இந்த ஒரு மணித்தியாலம்தான். பாஷை தெரியாத குட்டு வெளிப்பட்டால் இதுவும் போய்விடுமே என்று பயந்து செத்தார்.

ஆகவே ஃபாதர் சிரித்தால் இவரும் சிரிப்பார். ஒருநாள் ஃபாதர் கண்கலங்கியதைக் கவனிக்காமல், பழக்கதோசத்தில் சிரித்துத் தொலைத்தார். அதைச் சரிக்கட்ட, மறுநாள் ஃபாதர் வாய் திறந்ததுமே கண்ணைக் கசக்கினார். அன்றைக்குப் பார்த்துக் கதையில் வேட்டை விருந்து! கல்யாண வீட்டில் ஒப்பாரி வைத்தவர் மாதிரி ஆகிவிட்டது.

இனிச் சரிவராது என்று மாலை வகுப்பில் சேர்ந்தார். பனியில் பஸ்ஸுக்கு நின்று நின்று, ஆறு மாதம் பிரெஞ்சு படித்தார். கதை மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. பிஷப் சனிக்கிழமை தோறும் ஒரு விதவையின் வீட்டு வாசல் வரை போவார்; மணியை அடிக்காமலே திரும்பிவிடுவார். பாவம், இந்தாளும் என்னைப்போலத் தனியன்தான் என்று நீக்கிலாப்பிள்ளைக்கு நெஞ்சு கனத்தது.

ஒன்று மட்டும் இடித்தது. வெள்ளிக்கிழமை, பிழையில்லாத பிரெஞ்சில், பெருமையாகவே கேட்டார்:

"ஃபாதர், பிஷப் சனிக்கிழமை ஏறிப் போகிறாரே, ஆயிரத்திருநூறு வருசத்துக்கு முன்பு ஆற்றுக்கு அக்கரை லொங்குய்க்கு மெட்ரோ ரயில் ஓடியதா?"

ஃபாதரின் முகம் சிவந்தது. கொப்பியை மூடினார். நன்றாகப் பிரெஞ்சு பேசுகிறாய் என்றார். எழுந்து போய்விட்டார்.

திங்கள் மூன்று மணிக்கு ஃபாதரின் அறைக் கதவு பூட்டிக் கிடந்தது. செவ்வாயும் அப்படித்தான். நீக்கிலாப்பிள்ளை தாங்கமாட்டாமல் குசினிக்குப் போனார்.

"அக்கா, நான் ஏதும் பிழையாக் கேட்டுப்போட்டனோ?"

பிலோமினம்மா அடுப்பைக் குறைத்தார்.

"பிழையில்லை தம்பி, உம்மட பிரெஞ்சு இப்ப திறம். அதுதான் ஃபாதர் என்னட்டைக் கேட்டவர், பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாத ஆள் வேறை ஆரும் இருக்கினமோ எண்டு."